ஏரி ஜலத்தின் உஷ்ணம்

அணைகளின் நிலவரம் என்று தினந்தோறும் பத்திரிகைகளில் ஒரு சிறு கட்டம் வெளிவருகிறது. நமது பத்திரிகையிலும் வருகிறது. நீர்மட்டம் இத்தனை அடி, வரத்து இத்தனை கனஅடி, திறப்பு இத்தனை கனஅடி என்று அதில் மூன்று எண்கள் இருக்கும். நாம் மெனக்கெட்டு எழுதும் தலையங்கத்தைப் படிக்காமல் விடுகிறவர்கள்கூட அந்தக் கட்டத்தைப் படிக்காமல் விடுவதில்லை. மந்திரிசபை மாறினாலும் மாறாவிட்டாலும் வைகை அணையில் எத்தனை அடி என்பது நிலக்கோட்டை விவசாயிக்கு வேண்டும். ஆத்தூர் காமராஜர் அணையில் எத்தனை அடி என்பது திண்டுக்கல் நகரவாசிக்கு வேண்டும். அந்தக் கட்டத்தில் நான்காவதாக ஓர் எண் இடம்பெற வேண்டும் என்பதே நாம் இன்று சொல்ல வந்த விஷயம். அது ஜலத்தின் உஷ்ணம்.

இதைக் கேட்டவுடன் நகைப்பவர்கள் இருப்பார்கள். "குளத்தில் ஜலமே இல்லை, இல்லாத ஜலத்துக்கு ஜுரம் பார்க்கச் சொல்லுகிறாரே" என்று நமது வக்கீல் நண்பர் ஒருவர் முகத்துக்கு நேராகவே கேட்டுவிட்டார். அவருடைய கேள்வி நியாயமானது. ஆனால் ஜலம் இல்லாமற் போனதற்கும் ஜலம் சூடானதற்கும் சம்பந்தமே கிடையாது என்று அவர் எண்ணிக்கொண்டதுதான் பிசகு. மழை பொய்த்ததையும் மணல் கொள்ளை போனதையும் ஆக்கிரமிப்புகளையும் பற்றி நாம் எழுதியாயிற்று, இனியும் எழுதுவோம். கண்ணுக்குத் தெரியாமல் மேல்நோக்கிப் போய்க்கொண்டிருக்கும் ஜலத்தைப் பற்றி மட்டும் எவரும் வாய் திறப்பதில்லை.

ஒரு சாதாரணக் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். 100 ஏக்கர் நீர்ப்பரப்புள்ள ஒரு கண்மாயில், கோடையில் நாளொன்றுக்கு 5 மில்லிமீட்டர் ஜலம் ஆவியாகிறதென்று வைத்துக்கொள்வோம். ஒரு விரற்கடைகூட இல்லாத அளவு. கரையில் நிற்பவன் கண்ணுக்குப் புலப்படாது. ஆயினும் பெருக்கிப் பார்த்தால் அது 20 லட்சம் லிட்டர். ஆளுக்கு நூறு லிட்டர் வீதம் 20,000 பேருக்கு ஒரு நாளைக்குப் போதுமான ஜலம், ஒரு மடையும் திறக்காமல், ஒரு திருடனும் இறைக்காமல் போய்விடுகிறது. ஜலத்தின் மேற்பரப்பு ஒரு டிகிரி சூடேறினால், அதன்மேல் தங்கக்கூடிய நீராவியின் அளவு சுமார் 6 சதவிகிதம் கூடுகிறது. காற்று, ஈரப்பதம், வெயில் ஆகியவையும் சேர்ந்தே ஆவியாவதை நிர்ணயிக்கின்றன என்பது மெய்யே. இருந்தாலும், மற்றவை மாறாதிருக்கும்போது சூடான ஜலம் சீக்கிரம் போகும் என்பதை அடுப்பங்கரையிலேயே அறியலாம். உலகத்து ஏரிகள் 14 லட்சத்தைச் செயற்கைக் கோள்களின் உதவியால் கணக்கிட்டு 2022-ல் வெளியான ஓர் ஆராய்ச்சி, அவற்றிலிருந்து ஆண்டுதோறும் சுமார் 1,500 கனகிலோமீட்டர் ஜலம் ஆவியாகிறதென்றும், 1985 முதல் 2018 வரை அந்த அளவு ஏறிக்கொண்டே வந்திருக்கிறதென்றும் காட்டியது.

இந்த விஷயத்தில் நமது நாட்டில் நிகழ்ந்த ஒரு பிரசித்தமான சம்பவத்தை நேயர்கள் மறந்திருக்க மாட்டார்கள். 2017 ஏப்ரலில் வைகை அணையில் ஜலம் ஆவியாவதைத் தடுக்கவென்று மந்திரி செல்லூர் ராஜூ தெர்மோகோல் அட்டைகளை மிதக்க விட்டார். காற்று அடித்தது; அட்டைகள் கரை ஒதுங்கின; தமிழ்நாடு முழுவதும் சிரித்தது. நாமும் சிரித்தோம். இன்று நினைக்கும்போது அந்தச் சிரிப்பில் பாதி நியாயம், பாதி அநியாயம் என்று தோன்றுகிறது. பரீட்சை பார்க்காமல் பொதுப்பணத்தை ஜலத்தில் விட்டது தவறுதான். ஆனால் அணையின் ஜலம் வானத்துக்குப் போகிறது, அதைத் தடுக்க வேண்டும் என்ற எண்ணத்தில் தவறில்லையே. லாஸ் ஏஞ்சல்ஸ் நகரத்தார் 2015 ஆகஸ்டில் தங்கள் நீர்த்தேக்கமொன்றை 9 கோடியே 60 லட்சம் கறுப்புப் பந்துகளால் மூடினார்கள். பாசியும், வெயிலால் ஜலத்தில் உண்டாகும் நச்சுப் பொருளும் அவர்களுக்கு முக்கியக் கவலை, ஆவியாதல் அடுத்த கவலை. குஜராத்தில் 2012-ல் கால்வாயின்மேல் சூரியத் தகடுகளைப் பரப்பினார்கள்; தூத்துக்குடியில் 2022-ல் ஒரு தொழிற்சாலையின் நீர்த்தேக்கத்தில் மிதக்கும் தகடுகளை வைத்தார்கள். அங்கெல்லாம் அளந்து, திட்டமிட்டு, பிறகு செய்தார்கள். நாமோ முதலில் செய்து, பிறகு சிரித்து, அத்தோடு மறந்துவிட்டோம். அன்று வைகை ஜலத்தின் சூடு என்ன என்று மந்திரியும் கேட்கவில்லை, சிரித்த நாமும் கேட்கவில்லை.

உலகம் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறது. 235 ஏரிகளை ஆராய்ந்து 2015-ல் வெளியிட்ட அறிக்கையில், 1985 முதல் 2009 வரை கோடை காலத்து மேற்பரப்பு ஜலம் பத்தாண்டுக்கு 0.34 டிகிரி வீதம் சூடேறியதாக விஞ்ஞானிகள் கண்டார்கள். அமெரிக்காவின் சுப்பீரியர் ஏரி 1979-க்கும் 2006-க்கும் இடையில் சுமார் இரண்டரை டிகிரி சூடேறிற்று. அதைச் சூழ்ந்த காற்றைக் காட்டிலும் வேகமாகவே சூடேறிற்று. இவற்றில் பெரும்பாலானவை குளிர்தேசத்து ஏரிகள். "பனி உறையும் ஏரி சற்றுச் சூடானால் நல்லதுதானே, நமது ஏரிகள் ஆதிமுதல் சூடானவை, ஒரு டிகிரி கூடினால் என்ன?" என்று கேட்கத் தோன்றும். உண்மை நேர்மாறானது என்பதை இங்கே சற்று விரிவாகவே சொல்லியாக வேண்டும்.

ஜலம் 4 டிகிரி சென்டிகிரேடில் அதிகக் கனமாயிருக்கிறது. அதற்குமேல் சூடேற ஏற இலேசாகிறது. ஆனால் ஒரே வேகத்தில் அல்ல. குளிர்ந்த ஜலம் ஒரு டிகிரி சூடேறினால் கனம் சிறிதே குறையும். சூடான ஜலம் ஒரு டிகிரி சூடேறினால் கனம் வெகுவாகக் குறையும். 29 டிகிரி ஜலத்துக்கும் 30 டிகிரி ஜலத்துக்கும் உள்ள கன வித்தியாசம், 4 டிகிரி ஜலத்துக்கும் 10 டிகிரி ஜலத்துக்கும் உள்ள வித்தியாசத்துக்குச் சமானம். அதாவது, சுவிட்சர்லாந்தில் ஆறு டிகிரி செய்யும் வேலையைத் திண்டுக்கல்லில் ஒரு டிகிரி செய்துவிடுகிறது. இலேசான சூட்டு ஜலம் மேலே மிதக்கும். கனத்த ஜலம் கீழே தங்கும். இரண்டும் கலப்பதற்குக் காற்று படாதபாடு பட வேண்டும். கலக்காவிட்டால் மேலிருந்து பிராணவாயு கீழே இறங்காது. அடியிலுள்ள சேறு இருக்கிற பிராணவாயுவையும் தின்றுவிட்டு, தான் பிடித்து வைத்திருந்த பாஸ்பரஸையும் இரும்பையும் மாங்கனீஸையும் ஜலத்தில் விட்டுவிடும். குழாயில் வரும் ஜலம் கோடையில் சில நாள் நாறுவதும் பழுப்பதும் ஏன் என்று கேட்பவர்கள் இந்த வழியிலும் சற்று ஆராய வேண்டும்.

இன்னொரு சங்கடமும் இருக்கிறது. சூடான ஜலத்தில் பிராணவாயு குறைவாகவே கரையும். 20 டிகிரியில் ஒரு லிட்டர் ஜலம் சுமார் 9.1 மில்லிகிராம் பிராணவாயுவைத் தாங்கும். 30 டிகிரியில் சுமார் 7.6 மட்டுமே, 35 டிகிரியில் 7-க்கும் கீழே. மீனுக்கோ சூடு ஏற ஏற மூச்சு அதிகம் வேண்டியிருக்கிறது. வரவு குறைந்து செலவு கூடும் குடும்பத்தின் கதிதான். இரவெல்லாம் பாசியும் மீனும் சேறும் ஒரே பிராணவாயுவைப் பங்கிட்டு, விடியற்காலையில் கையிருப்பு அற்றுப்போகிறது. ஊராட்சியிடம் குத்தகை எடுத்துக் கட்லாவும் ரோகுவும் வளர்ப்பவர், கோடையில் ஒரு நாள் விடியற்காலையில் கண்மாய்க்குப் போய்ப் பார்த்தால் மீன்கள் வெள்ளை வயிறு தெரிய மிதக்கின்றன. யாரோ விஷம் கலந்துவிட்டார்கள் என்று போலீஸில் பிராது கொடுக்கிறார். பக்கத்து ஊரார்மீது சந்தேகம் விழுகிறது. இரண்டு ஊருக்கும் பகை மூளுகிறது. விஷம் வைத்த சம்பவங்கள் இல்லாமலில்லை. ஆனால் அந்த விடியற்காலையில் ஜலத்தின் உஷ்ணத்தையும் பிராணவாயுவையும் குறித்து வைத்திருந்தால் எத்தனையோ பிராதுகள் நிலையத்துக்குப் போகாமலே தீர்ந்திருக்கும். ஜிலேபிக் கெண்டையும் கெளுத்தியும் இந்தச் சூட்டையும் மூச்சுத் திணறலையும் மற்றவற்றைவிட நன்றாகத் தாங்குகின்றன. நமது கண்மாய்களில் அவையே மிஞ்சிவருவதற்கு இதுவும் ஒரு காரணமாயிருக்கலாம்.

பாசியின் விஷயம் மனிதர்களையே நேரே தொடுகிறது. மைக்ரோசிஸ்டிஸ் என்னும் நீலப்பச்சைப் பாசி 25 டிகிரிக்கு மேற்பட்ட சூட்டில் செழித்து, மேலே மிதந்து, மற்றப் பாசிகளை வென்றுவிடும். அதன் நஞ்சு ஈரலைக் கெடுக்கும்; காய்ச்சினாலும் போகாது. சீனாவில் 2007-ல் தைஹூ ஏரியில் இந்தப் பாசி மண்டி, ஊஷி நகரத்தில் சுமார் 20 லட்சம் ஜனங்கள் குடிநீரின்றித் தவித்தார்கள். 2014-ல் அமெரிக்காவின் டொலிடோ நகரத்துக்கு இதே கதி நேர்ந்தது. இது ஏதோ அயல்நாட்டுப் பாசி என்று நேயர்கள் எண்ண வேண்டாம். எஸ். வி. கணபதி என்ற சென்னை விஞ்ஞானி, மைக்ரோசிஸ்டிஸ் நிரந்தரமாகப் படர்ந்திருந்த ஒரு கோயில் தெப்பக்குளத்தைப் பற்றி 1940-லேயே ஆராய்ந்து எழுதியிருக்கிறார். பாசி நம்முடையது, பழையது. சாக்கடையும் உரமும் அதற்கு உணவு, சூடு அதற்கு உற்சாகம். திண்டுக்கல் கோட்டைக்குளத்தின் படியில் பங்குனி மாதத்து மாலையில் கால் நனைத்துப் பார்த்தவர்களுக்கு நாம் அதிகம் சொல்ல வேண்டியதில்லை. விநாயகர் சிலைகளைக் கரைப்பதும் அங்கேதான், மாரியம்மன் தெப்பமும் அங்கேதான்.

இனி மலைமேல் ஏறுவோம். நமது ஜில்லாவின் மிகப் பிரசித்தமான ஏரி கொடைக்கானலில் இருக்கிறது. மதுரை ஜில்லா கலெக்டராயிருந்த லெவிஞ்ச் துரை 1863-ல் கரை கட்டி உண்டாக்கிய ஏரி. பரப்பு சுமார் 60 ஏக்கர். அது நிரம்பி வழியும் ஜலமே மலைப்பாதையில் வெள்ளி நீர்வீழ்ச்சியாக விழுகிறது. அந்த ஊரைப் பற்றி இரண்டு செய்திகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போது சிரிப்பதா அழுவதா என்று விளங்கவில்லை. 1899-ல் சென்னையிலிருந்து கொடைக்கானலுக்கு மாற்றிய வானிலையம் ஒரு நூற்றாண்டுக்கு மேலாகச் சூரியனைப் படம் பிடித்து வருகிறது. அந்தச் சூரியனால் சூடாகும் ஏரியின் தினசரி உஷ்ணத்தை மட்டும் எந்தப் பத்திரிகைக் கட்டத்திலும் காணோம். இரண்டாவது செய்தி இன்னும் விசித்திரமானது. இந்துஸ்தான் லீவர் கம்பெனிக்குச் சொந்தமான உஷ்ணமானித் தொழிற்சாலை ஒன்று அங்கே நடந்துவந்தது. பாதரசக் கழிவை ஒழுங்காக அகற்றாத விவகாரம் வெளிப்பட்டு 2001-ல் அது மூடப்பட்டது. 591 முன்னாள் தொழிலாளருடன் 2016-ல் கம்பெனி சமரசம் செய்துகொண்டது. அணுசக்தித் துறையின் ஹைதராபாத் நிலையத்து விஞ்ஞானிகள் ஏரியின் ஜலத்திலும் வண்டலிலும் மீனிலும் பாதரசம் கண்டதை 2006-ல் எழுதினார்கள். மேல்நாட்டார் ஜுரம் பார்க்க உஷ்ணமானி செய்து அனுப்பிய ஊரில் பாதரசம் ஏரிக்குப் போயிற்று. ஏரியின் ஜுரத்தைப் பார்க்க ஓர் உஷ்ணமானி மிஞ்சவில்லை.

இதை வேடிக்கைக்காகச் சொல்லவில்லை. பிராணவாயு அற்ற சேற்றில் வாழும் சில நுண்ணுயிர்கள் பாதரசத்தை மீத்தைல் பாதரசமாக மாற்றுகின்றன. அந்த உருவத்தில்தான் அது மீனின் உடம்பிலும், மீனை உண்பவர் உடம்பிலும் சேருகிறது. சூடு கூடினால் அந்த மாற்றம் விரைவடையும். அடி ஜலத்தில் பிராணவாயு குறைந்தாலும் விரைவடையும். எனவே, 2001-ல் முடிந்துபோனதாக நாம் எண்ணும் விவகாரம் ஏரியின் அடியில் முடியவில்லை. உதகையில் 2024 ஏப்ரலில் வெயில் 29 டிகிரியைத் தொட்டது. அங்கே அதற்கு முன் பதிவாகாத உச்சம். அதே ஆண்டு மே மாதத்தில், சென்னை உயர் நீதிமன்றத்தின் உத்தரவுப்படி உதகைக்கும் கொடைக்கானலுக்கும் போகும் வாகனங்களுக்கு மின்னணு அனுமதிச் சீட்டு வந்தது. மலைக்குப் போகும் வண்டிகளை ஒவ்வொன்றாய் எண்ணத் தெரிந்த சர்க்காருக்கு மலை ஏரியின் டிகிரிகளை எண்ணத் தெரியாதா?

சூட்டுக்குக் காரணம் யார் என்ற கேள்வியை நாம் ஒதுக்கவில்லை. 2024-ல் பூமியின் சராசரி வெப்பம் தொழிற்புரட்சிக்கு முந்திய நிலையைவிட ஒன்றரை டிகிரிக்கு மேல் ஏறியதாக உலக வானிலை ஸ்தாபனம் அறிவித்தது. கரியமில வாயு வெளியிடுவதில் ஆண்டுக்கு ஓர் அமெரிக்கனுடைய பங்கு சுமார் 14 டன், ஓர் இந்தியனுடைய பங்கு சுமார் 2 டன். கண்மாய்க்கரையில் ஆடு மேய்ப்பவருடைய பங்கைச் சொல்லவே வேண்டாம். பிறர் மூட்டிய அடுப்பில் நமது குளம் காய்கிறது என்று சர்வதேச சபைகளில் நமது பிரதிநிதிகள் முழங்குவது முற்றிலும் நியாயம். ஆனால் வக்கீல் தொழில் பார்த்தவன் என்ற முறையில் ஒன்று சொல்லக் கடமைப்பட்டிருக்கிறோம். நஷ்டஈடு கேட்கும் வாதியிடம் நீதிபதி முதலில் கேட்பது கணக்குப் புஸ்தகத்தை. 1996-ல் சுப்ரீம் கோர்ட் வேலூர் தோல் பதனிடும் சாலைகளின் வழக்கில் தீர்ப்புச் சொன்னபோது, திண்டுக்கல் ஜில்லாவின் சாலைகளுக்கும் தலைக்கு 10,000 ரூபாய் அபராதம் விழுந்தது. கிணறுகளில் உப்பு எவ்வளவு, கழிவில் என்ன இருந்தது என்பதை ஆராய்ந்து எழுதி வைத்தவர்கள் இருந்ததால் வாதம் நின்றது. 2024 மார்ச் 21-ஆம் தேதி தீர்ப்பில் அதே கோர்ட், பருவநிலை மாறுதலின் தீங்குகளிலிருந்து காப்புப் பெறுவது பிரஜைகளின் உரிமை என்று ஒப்புக்கொண்டிருக்கிறது. உரிமை கிடைத்துவிட்டது, சாட்சியம் எங்கே? அமெரிக்க ஏரியின் சூட்டைக் காட்டி ஆத்தூர் அணைக்கு வழக்காட முடியாது.

நம்மவர்களுக்கு அளக்கத் தெரியாது என்பதும் அன்று. ஏ. ஸ்ரீநிவாசன் என்ற நமது விஞ்ஞானி பவானிசாகர் நீர்த்தேக்கத்தை 1956 முதல் 1961 வரை ஆராய்ந்து, அதை 1964-ல் உலகத்தார் படிக்கும் விஞ்ஞானப் பத்திரிகையில் வெளியிட்டார். சுதந்திரம் வந்து பத்து ஆண்டுகூட நிறையாத ஏழை நாட்டில் செய்த வேலையை இன்று செய்ய முடியாதென்றால் யார் நம்புவார்கள்?

சிலர் சொல்லலாம், அளந்து என்ன பயன், சூரியனை நிறுத்த முடியுமா என்று. சூரியனை நிறுத்த வேண்டாம், கண்மாயை ஆழப்படுத்தலாம். நான்கு அடி ஜலம் உள்ள கண்மாய், எட்டு அடி ஜலம் உள்ள கண்மாயைவிடச் சீக்கிரம் சூடாகிறது. பரப்பு ஒன்றாகவே இருப்பதால் இரண்டும் நாளொன்றுக்கு ஏறக்குறைய ஒரே அளவு ஜலத்தை இழக்கின்றன. ஆழங்குறைந்தது பாதி நாளில் வறண்டுவிடும். வண்டல் ஏறிய கண்மாய்கள் சூட்டால் இரட்டிப்பு நஷ்டம் அடைகின்றன என்பதே இதன் பொருள். 1858-ஆம் வருஷத்துச் சட்டத்தால் கட்டாயமாக்கப்பட்டும் நலிந்துபோன குடிமராமத்தைத் தமிழக சர்க்கார் 2017-ல் மறுபடியும் துவக்கினார்கள். 2007-ல் ஏரிகளின் ஆக்கிரமிப்பை அகற்ற ஒரு சட்டமும் செய்தார்கள். எந்தக் கண்மாயை முதலில் தூர் எடுப்பது என்பதை இன்று சிபாரிசு நிர்ணயிக்கிறது. எது அதிகம் சூடாகிறது, எது விடியற்காலையில் மூச்சு முட்டுகிறது என்ற அளவு அதை நிர்ணயிக்கட்டும். கரைகளில் மேற்குப் பக்கம் மருதமும் புங்கமும் நட்டால் சிறு குளங்களுக்குப் பிற்பகல் நிழலாவது கிடைக்கும். சாக்கடையை ஊருக்கு வெளியே சுத்தம் செய்யாமல் குளத்தில் விடுவதை நிறுத்தினால், சூடேறினாலும் பாசிக்கு உணவு இராது. இவை எல்லாம் நமது நகரசபையும் ஊராட்சிகளும் டெல்லியைக் கேட்காமலே செய்யக்கூடியவை.

ஆகவே நாம் கேட்பது சொற்பம். ஆத்தூர் காமராஜர் அணை, வைகை அணை, கொடைக்கானல் ஏரி, கோட்டைக்குளம் ஆகிய நான்கிலும் மேல்மட்டத்தில் ஒன்றும் அடிமட்டத்தில் ஒன்றுமாக உஷ்ணமானிகள் வைக்க வேண்டும். விடியற்காலையிலும் பிற்பகல் மூன்று மணிக்கும் பார்த்து எழுத வேண்டும். நீர்மட்டம் பார்க்கப் போகும் அதே ஊழியர் அதையும் பார்க்கலாம். தனியாக ஆபீஸும் ஜீப்பும் வேண்டாம். குளங்களைப் பொறுத்தவரை, சின்னாளபட்டிக்கு அருகில் 1947-ல் தொடங்கிய காந்திகிராமத்தில் ஒரு பல்கலைக்கழகமே இருக்கிறது. மாணவர்களும் ஆசிரியர்களும் இருக்கிறார்கள். சுற்றிலும் கண்மாய்கள் இருக்கின்றன. கிராமத்துப் பள்ளிக்கூட ஆசிரியர் ஒருவர் ஐந்தாறு பையன்களை அழைத்துக்கொண்டு வாரம் ஒரு முறை கரைக்குப் போனால் பாடமும் ஆயிற்று, கணக்கும் ஆயிற்று.

பொதுப்பணித் துறைக்கும் நகரசபைக்கும் இதுபற்றிக் கடிதம் எழுதியிருக்கிறோம். பள்ளிக்கூடங்கள் அனுப்பும் அளவுகளையும், எந்தக் குளம், எந்த நேரம், எவ்வளவு ஆழம் என்ற விவரத்துடன் பெற்றுக்கொள்வோம். அணைகளின் நிலவரக் கட்டத்தில் நான்காவது பத்திக்கு இடம் விட்டு அச்சுக் கோக்கும்படி நமது அச்சுக்கூடத்தாரிடம் சொல்லியாயிற்று. எண் வரும் வரையில் அந்த இடம் வெறுமையாகவே அச்சாகும்.